சந்தனம் ஏறிய மரை

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. ஆயுதம் என்று என்னிடம் இருப்பவை ஒரு காமிரா, ஒரு முக்காலி, கத்தரிக்கோல், காய் நறுக்கும் கத்தி. ரயில்வே புக்கிங்கில் இருந்த காலத்தில் டிக்கெட் அடிக்கும் இயந்திரத்துக்கு மாலை போட்டு ஆளுக்கொரு பொட்டலம் பொரி கொடுப்போம். இப்போது இந்த மாடி வீட்டில் பூசாரியும் நானே, பக்தனும் நானே. எல்லாவற்றையும் துடைத்து மேசையில் வைத்துச் சந்தனம், குங்குமம் இட்டேன். என் லென்ஸில் கோடையிலேயே பூஞ்சை பிடித்துவிட்டதால் நண்பர் ஞானதுரை தன்னுடையதைக் கொடுத்து வைத்திருக்கிறார். அதற்கும் ஒரு பொட்டு. அவர் சி.எஸ்.ஐ. கோயிலுக்குப் போகிறவர்தான், லென்ஸ் ஒன்றும் கோபித்துக்கொள்ளாது. சந்தனத்தை நீர்க்கக் கரைத்துவிட்டேன் போலிருக்கிறது, முன்னால் மாட்டியிருந்த ஃபில்டரின் விளிம்பில் வழிந்தது. துடைத்துவிட்டேன்.

மாலையில் அவரே வந்தார். சுண்டலைத் தின்று முடித்தார். பிறகு, "வே பிரமநாயகம், அடுத்த மாசம் மூணாந்தேதி நானும் கிரேஸும் மெல்போர்னுக்குக் கெளம்புதோம். டிசம்பர்ல மகளுக்குப் பிரசவம்லா" என்றார்.

"எத்தனை நாளைக்கு?"

"ஆறு மாசம்னு வையும்."

அந்த 'வையும்' எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் மேலே கேட்கவில்லை.

லென்ஸ் திரும்ப வேண்டுமாம். அவரிடம் இருக்கும் நல்ல லென்ஸ் இது ஒன்றுதான். "பேரப்பிள்ளைய எடுக்கணும். உம்ம ஃபில்டரைக் கழத்திட்டுத் தாரும். அதைப் போட்டு வீட்டுக்குள்ள எடுத்தா பிள்ளை கருகருன்னுல்லா விழும்." ஃபில்டர் என்னுடையது. போலரைசர் என்பார்கள். வளையத்தைத் திருப்பினால் தண்ணீர்மேல் அடிக்கும் பளபளப்பு அடங்கி, அடியில் இருப்பது தெரியும். குளத்துப் பறவைக்கு நல்லது. வெளிச்சத்தைத் தின்பதால் வீட்டுக்குள் ஆகாது. நாளைக்கே கழற்றித் தருகிறேன் என்றேன்.

ஞாயிறு தவறாமல் அவர் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து பறவைகளைப் படமெடுக்கக் கூந்தன்குளம் போவேன். அதுதான் என் வாரம். டிசம்பரில்தான் அங்கே வெளிநாட்டுப் பறவைகள் வந்து இறங்கும்.

அக்டோபர் 2, வியாழன்

கழலவில்லை.

அக்டோபர் 3, வெள்ளி

இந்த ஃபில்டரில் ஒரு தொல்லை. அதற்கு இரண்டு வளையம். முன்வளையம் தன்பாட்டுக்குச் சுற்றும், நாள் முழுக்கச் சுற்றினாலும் கழலாது. லென்ஸின் திருகுமரையில் ஏறி நிற்பது பின்வளையம். அது நகத்தின் விளிம்பளவுதான் வெளியே தெரிகிறது. அதைப் பிடித்துத் திருப்புவதற்குள் விரல் முன்வளையத்தில் வழுக்கிவிடுகிறது.

மாலையில் ஞானதுரை வந்து பார்த்தார். லென்ஸைக் காமிராவில் மாட்டி முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு, கையை முன்னால் நீட்டி முழுப் பலத்தோடு திருகினேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"எந்தப் பக்கம்வே திருப்புதீரு?"

"இடப்பக்கம். கழத்துதது இடப்பக்கம்தான?"

"முன்னால நின்னு பாத்தாத்தான் அது இடப்பக்கம். நீரு காமிராவுக்குப் பின்னாலல்லா நிக்கீரு. நேத்தும் இப்படித்தான் திருப்பினீரா?"

நேற்று முழுவதும் இப்படித்தான். காமிராவுக்குப் பின்னால் நின்றே பழகிவிட்ட கை. கழற்றுவதாக நினைத்து ஒரு நாள் பூராவும் இறுக்கியிருக்கிறேன். போதாக்குறைக்குச் சந்தனம் வேறு மரைக்குள் இறங்கிக் காய்ந்துவிட்டது. விளிம்பில் மஞ்சளாகக் கோடு தெரிகிறது.

"மரை கழல வேண்டியது ஃபில்டருக்கு. உமக்குல்லா கழண்டுபோச்சு!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. நாளைக்கும் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்டோபர் 5, ஞாயிறு

இன்று கூந்தன்குளம் இல்லை. ஞானதுரைக்குப் பெட்டி வாங்கப் போக வேண்டுமாம்.

கீழ்வீட்டுப் பேச்சியக்கா, வீட்டுக்காரம்மா, பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையைக் கொடுத்தார். "இதைப் போட்டுத் திருகுங்க அண்ணாச்சி. ஊறுகா பாட்டில் மூடியெல்லாம் நான் இதுலதான் தொறப்பேன்." கையுறையோடு திருகினேன். முன்வளையம் ஜோராகச் சுற்றியது. பேச்சியக்கா, "சுத்துதே! வந்துட்டுல்லா?" என்று சந்தோஷப்பட்டார். விளக்கிச் சொல்ல அலுப்பாக இருந்தது.

விளிம்பில் ரப்பர் பேண்டைச் சுற்றிப் பிடித்தேன். அது அறுந்து கன்னத்தில் அடித்தது.

அக்டோபர் 6, திங்கள்

லென்ஸைப் பாலிதீன் பையில் கட்டி ஃபிரிட்ஜில் வைத்தேன். குளிரில் உலோகம் சுருங்கும் என்று எங்கோ படித்தது. ஞானதுரை வந்தபோது அதை எடுத்துக் காட்டினேன். மனிதர் பதறிப்போனார். கல்லூரியில் இயற்பியல் லேபில் காலம் முழுக்க வேலை பார்த்தவர், கண்ணாடி என்றால் பிள்ளை மாதிரி.

"ஈரம் உள்ள எறங்குனா பூஞ்சைல்லா புடிக்கும்! ஒம்ம லென்ஸைக் கெடுத்தது பத்தாதா? சுருங்குனா ரெண்டுஞ்சேந்துதான் சுருங்கும்." துண்டால் சுற்றி, சூடேறும்வரை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார். "கழண்டதும் மரையைச் சுத்தமாத் தொடச்சு, பென்சில் கரியைத் தேயும். பெறகு ஒருக்காலும் புடிக்காது. லேபுல அப்படித்தான் செய்வோம்."

மடியில் லென்ஸ் இருந்ததால் வழக்கத்தைவிட அதிக நேரம் இருந்தார். இரண்டாவது தடவை காபி போட்டேன்.

அக்டோபர் 8, புதன்

இதற்கென்றே ஒரு கருவி விற்கிறார்களாம். ஃபில்டர் ரெஞ்ச். ஞானதுரைதான் கைபேசியில் தேடிக் காட்டினார். உடைந்த வளையல் மாதிரி பிளாஸ்டிக்கில் முக்கால் வட்டம், கையால் பிடிக்க இரண்டு காது, உள்பக்கம் பொடிப் பற்கள். மெலிசாக இருப்பதால் பின்வளையத்தை மட்டும் கவ்வும். ஜோடியாகத்தான் விற்கிறார்கள், இரண்டு ஃபில்டர் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் பிரிக்க. ஒரு ஃபில்டருக்கு ஒன்று போதும், ஆனால் லென்ஸைப் பிடித்துக்கொள்ள இன்னொரு ஆள் வேண்டும் என்று கீழே போட்டிருந்தது.

"ஆளுக்கு நான் இருக்கேன், ஆர்டரைப் போடும்" என்றார். போட்டேன்.

அக்டோபர் 11, சனி

ஞானதுரை வந்தார். ஃபில்டர் அப்படியே இருக்கிறது. கிரேஸ் கொடுத்துவிட்ட அச்சு முறுக்கு நன்றாக இருந்தது.

அக்டோபர் 13, திங்கள்

ரெஞ்ச் வந்தது. அளவு சின்னது, ஃபில்டரைச் சுற்றி வரவே இல்லை. லென்ஸைப் பார்த்து அளவு கொடுப்பதற்குப் பதில் என் பழைய லென்ஸின் மூடியைப் பார்த்துக் கொடுத்திருக்கிறேன். எப்படி இந்தத் தவறு வந்ததென்று தெரியவில்லை. வேலையில் இருந்தவரை ஒரு டிக்கெட் ஊர் மாறி அடித்ததில்லை.

திருப்பி அனுப்பிவிட்டுப் பெரிய அளவு கேட்டிருக்கிறேன். அதுவரை ஒன்றும் செய்வதற்கில்லை. ஞானதுரை கொஞ்சம் யோசனையோடு பார்த்தார், பிறகு சதுரங்கப் பலகையை எடும் என்றார். தினமும் ஆறு மணிக்கு வந்துவிடுகிறார். ஃபில்டர் ஒட்டுவதற்கு முன்னால் வாரத்துக்கு ஒருமுறைதான்.

குடிக்கத் தண்ணீர் பிடிக்கக் கீழே போனபோது பேச்சியக்கா, "மாடியில இப்பந்தான் பேச்சுச் சத்தம் கேக்கு அண்ணாச்சி. இல்லேன்னா ஆளு இருக்கா இல்லையான்னே தெரியாது" என்றார்.

அக்டோபர் 15, புதன்

இன்று ஞானதுரை நடந்து வந்தார். ஸ்கூட்டரை விற்றுவிட்டார். வீட்டுக்கும் வாடகைக்கு ஆள் பார்த்தாயிற்று.

ஆறு மாதத்துக்குப் போகிறவர் ஸ்கூட்டரை விற்பாரா? சும்மா நின்றால் பேட்டரி போய்விடும் என்கிறார். சதுரங்கத்தில் ராணியைத் தூக்கிக் கொடுத்துத் தோற்றேன்.

அக்டோபர் 18, சனி

காலையில் பெரிய ரெஞ்ச் வந்தது. ஞானதுரை மாலைதான் வருவார். சும்மா பொருந்துகிறதா என்று பார்த்தேன், பொருந்துகிறது.

மேசையைத் துடைத்தேன். பழைய பல் பிரஷ் ஒன்றைக் கழுவிக் காயவைத்தேன். பென்சில் சீவினேன். மத்தியானம் ரசம், அப்பளம்.

மாலை ஞானதுரை லென்ஸைப் பிடித்துக்கொள்ள நான் ரெஞ்சால் திருப்பினேன். வரவில்லை. பிளாஸ்டிக் வளைந்து கொடுக்கிறது என்றேன். நான் திருப்பிப் பார்க்கட்டுமா என்றார். தீபாவளி கழியட்டும், அவசரப்பட்டால் மரை போய்விடும் என்று சொல்லி வாங்கி உள்ளே வைத்தேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. பேச்சியக்கா வீட்டு அதிரசம். ஞானதுரையும் கிரேஸும் வந்தார்கள். கிரேஸ் என் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நாங்க போன பெறகு ஒழுங்காச் சாப்பிடணும் அண்ணாச்சி. கஞ்சியைக் குடிச்சிட்டு நாளை ஓட்டக்கூடாது" என்றார். சரி என்றேன். அதிரசத்தை வாயில் போட்டுக்கொண்டேன்.

ஃபில்டர் அப்படியே இருக்கிறது.

அக்டோபர் 23, வியாழன்

மழை. ஞானதுரை குடை பிடித்துக்கொண்டு வந்தார். முழங்கால்வரை நனைந்திருந்தார். கழலாத ஒரு ஃபில்டருக்காக இந்த வயதில் இவரை இப்படி நடக்க வைப்பது எனக்கே உறுத்தலாக இருந்தது. துண்டு கொடுத்தேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

பஸ்ஸில் கூந்தன்குளம் போனோம். கடைசித் தடவை என்று இருவருமே சொல்லவில்லை. மூலைக்கரைப்பட்டியில் இறங்கி டீ குடித்து, அடுத்த பஸ் பிடித்து, போய்ச் சேர வெயில் ஏறிவிட்டது. குளத்தில் பாதித் தண்ணீர்தான். கொக்குகள், நீர்க்காகங்கள், வழிதவறி வந்ததுபோல ஒரு கூழைக்கடா. பட்டைத்தலை வாத்துகள் வர இன்னும் நாள் இருக்கிறது.

லென்ஸை அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன். அவருடையதுதானே. கரையோரமாக உட்கார்ந்து ஃபில்டரின் முன்வளையத்தை மெல்லத் திருப்பினார். "இந்தா பாரும்" என்று காமிராவை நீட்டினார். தண்ணீர் மினுமினுப்பு அடங்கி, அடியில் பாசியும் சின்ன மீன்களும் தெளிவாகத் தெரிந்தன.

"மெல்போர்ன்ல அன்னம் கருப்பா இருக்குமாம்வே" என்றார்.

"அப்ப அன்னம்னு எதை வச்சுச் சொல்லுதாங்க?"

"கழுத்தை வச்சுத்தான். உம்ம மாதிரி விறைப்பா வச்சிருக்குமாம்."

மத்தியானம் கட்டிக்கொண்டு போன புளியோதரையைத் தின்றோம். அவர் பேசிக்கொண்டே இருந்தார், மகளைப் பற்றி, விமானத்தில் ஊறுகாய் விடுவார்களா என்பதைப் பற்றி. நான் கூழைக்கடாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது நாள் முழுக்க அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் சன்னலோரம் அவருக்கு. ஏனோ விரல் நுனியைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டே வந்தார். மூலைக்கரைப்பட்டியில் டீயும் வேண்டாம் என்றுவிட்டார். களைப்பாக இருக்கும்.

அக்டோபர் 29, புதன்

ஞானதுரை உட்கார்ந்ததுமே சொன்னார்: "கழலலேன்னா கெடக்கட்டும்வே. ஃபில்டரோடயே தாரும். அங்கன ஏதாவது கடையில குடுத்துக் கழத்திக்கிடுதேன்."

நியாயமான பேச்சு. நான்தான் பிடிவாதம் பிடித்தேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை பார்த்துவிடுவோம், என் ஃபில்டர் எனக்கு வேண்டும் என்றேன். வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "உம்ம இஷ்டம்" என்றார்.

சதுரங்கம் ஆடினோம். அவர் வேண்டுமென்றே தோற்றதாக எனக்குத் தோன்றியது.

அக்டோபர் 31, வெள்ளி

பெட்டி கட்டுகிறார்களாம். வரவில்லை. ஆறு மணிக்கு இரண்டு பேருக்குக் காபி போட்டுவிட்டேன். இரண்டையும் நானே குடித்தேன்.

நவம்பர் 2, ஞாயிறு

நாளைக் காலையில் கார் பிடித்துத் திருவனந்தபுரம் போய் அங்கிருந்து விமானம். இன்று ஞானதுரை கோயில் ஆராதனை முடிந்து, வெள்ளைச் சட்டையோடு நேரே இங்கே வந்தார்.

"கொண்டாரும் அதை."

லென்ஸையும் ரெஞ்சையும் கொண்டுவந்து வைத்தேன். அவர் ரெஞ்சைத் தள்ளி வைத்தார். குனிந்து, வாசலில் கழற்றிப் போட்டிருந்த என் ஹவாய் செருப்பில் ஒன்றை எடுத்து, குழாயடியில் நன்றாகக் கழுவித் துடைத்தார்.

"செருப்பையா வைக்கப் போறீரு? பொட்டு வச்ச லென்ஸு வே!"

"பொட்டு வச்சதுனாலதான இந்தக் கதி? இறுக்கிப் பிடிச்சா வளையம் கோணும், இன்னும் பிடிக்கும். மட்டமா ஒரே மாதிரி அழுத்தணும். அதுக்கு ரப்பர் செருப்பை மிஞ்சி ஒண்ணும் கெடையாது." முன்வளையம் சுற்றாதபடி அதையும் பின்வளையத்தையும் ஓர் ஓரத்தில் சேர்த்து டேப் ஒட்டினார். லென்ஸை மேசையில் நிமிர்த்தி வைத்து, செருப்பை அதன் முகத்தில் தட்டையாக அமுக்கி, இடப்பக்கமாக மெல்லத் திருப்பினார்.

அவ்வளவுதான். வந்துவிட்டது. பேருக்கு ஒரு சத்தம்கூட இல்லை.

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அவர் ஃபில்டரைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து மரையைச் சுற்றிலும் பார்த்தார். லென்ஸின் மரையையும் பார்த்தார். இரண்டும் துடைத்து வைத்ததுபோல் இருந்தன.

"சந்தனம் எங்கவே?" என்றார்.

நான் மேசைமேலிருந்த செருப்பைப் பார்த்தேன்.

"பென்சில் கரி நல்லாத் தேச்சிருக்கீரு. ஒரு இடம் விடல."

"எப்பத்துலேர்ந்து தெரியும்?"

"கூந்தன்குளத்துல விரல்ல கரி ஒட்டுச்சே."

அப்படியானால் தெரிந்துகொண்டேதான் அதன் பிறகும் வந்திருக்கிறார். தெரிந்துகொண்டேதான் ஃபில்டரோடு தாரும் என்று எனக்கு ஒரு வழி விட்டிருக்கிறார். நான்தான் அதையும் பிடித்துக்கொள்ளவில்லை. வெட்கமாக இருந்தது. ரெஞ்ச் வந்த காலையில், லென்ஸை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, தனி ஆளாகவே கழற்றிவிட்டேன். சந்தனத்தைப் பிரஷ்ஷால் எடுத்து, அவர் சொன்னபடியே கரி தேய்த்து, திரும்ப மாட்டினேன். இன்றைக்குக் கழன்றுவிட்டது என்று சொன்னால் நாளைக்கு இவர் எதற்கு மாடி ஏறி வருவார் என்று மட்டும்தான் அப்போது நினைத்தேன். அன்றைக்கு இதை இங்கேகூட எழுத எனக்குத் தைரியம் வரவில்லை.

"நீரு போயிட்டா இங்க ஏறி வர ஆளு கெடையாது ஞானதுரை" என்றேன். வேறு எதையோ சொல்லத்தான் வாயைத் திறந்தேன், இது வந்துவிட்டது. அழுகையும் வந்துவிட்டது.

அவர் என்னைத் தேற்றவில்லை. அந்தப் பழக்கம் எங்கள் இருவருக்குமே இல்லை. ஃபில்டரிலிருந்த டேப்பை உரித்தார். லென்ஸைக் காமிராவில் மாட்டினார், காமிராவை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார், கையை முன்னால் நீட்டி ஃபில்டரை மரையில் வைத்தார்.

"இந்தப் பக்கந்தானவே நீரு கழத்துவீரு?" என்று கேட்டுக்கொண்டே திருப்பினார். திருப்பி, நன்றாக இறுக்கினார்.

அப்போது பார்த்து அவர் மகள் மெல்போர்னிலிருந்து போனில் பேசினாள். எல்லாம் எடுத்து வைத்தாயிற்றா என்று கேட்டிருப்பாள். "எல்லாம் எடுத்தாச்சு ஜெனிபா. லென்ஸ் மட்டும் இல்ல. ஃபில்டர் கழலவே மாட்டேங்கு, ரெண்டு கெழவனும் முட்டிப் பாத்தாச்சு. அது இங்கனயே கெடக்கட்டும். நான் வந்துதான் கழத்தணும்." சற்று நேரம் அந்தப் பக்கம் கேட்டார். "ஆமா, வருவேன்லா. பின்ன லென்ஸை விட்டுருவேனா? பிள்ளைய போன்ல எடுத்துக்கிடுதேன்."

காமிராவை என் கையில் கொடுத்தார். "பின்வளையத்தை என்னைத் தவிர எவனும் தொடக்கூடாது. நீரும் தொடக்கூடாது. டிசம்பர்ல பஸ்ஸைப் பிடிச்சுப் போய் வாத்தை எடுத்து அனுப்பும்."

படியிறங்கும்போது செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஒன்று அவருடையது, ஒன்று என்னுடையது. கூப்பிடவில்லை.

நவம்பர் 3, திங்கள்

கார் ஆறு மணிக்கெல்லாம் கிளம்பிவிட்டது. தெருமுனையில் நின்று கையசைத்தேன். திரும்பி வந்து துணி துவைத்தேன்.

நவம்பர் 16, ஞாயிறு

மழை. யாரும் வரவில்லை. கஞ்சி குடித்தேன், துவையலோடு. கிரேஸிடம் சொல்ல வேண்டாம்.

டிசம்பர் 14, ஞாயிறு

பஸ்ஸில் கூந்தன்குளம். பட்டைத்தலை வாத்துகள் வந்துவிட்டன, குளம் நிறைய இரைச்சல். பக்கத்தில் இடம் காலியாகவே இருந்தது, பையை அங்கே வைத்துக்கொண்டேன். ஃபில்டரைத் திருப்பித் திருப்பி எடுத்தேன். முன்வளையத்தை மட்டும்தான்.

கரையில் இருந்தபோதே ஞானதுரை கூப்பிட்டார். பேரன் பிறந்திருக்கிறானாம், தாயும் பிள்ளையும் சுகம். பின்னால் பிள்ளை அழும் சத்தம் கேட்டது, இங்கே வாத்துச் சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும். இருவரும் கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"என்னவே, கழண்டுச்சா?" என்றார்.

"இன்னும் இல்ல" என்றேன்.

"நல்லது. வாரேன்."